வண்டிக்கு எந்த ஊர்?

ஓசூரிலிருந்து பெங்களூருக்கு வீடு மாறினாலும் சரி, ஜெர்மனிக்கே கிளம்பினாலும் சரி, ஆசை ஆசையாக வாங்கிய வண்டியை என்ன செய்வது? எல்லையோர ஊரிலிருந்து ஒரு சிறப்புக் கட்டுரை

ஆர்.டி.ஓ. ஆபீஸ் புரோக்கர் முதலில் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் ஹேண்டில் கழுத்தை அழுத்தித் துடைத்தார். நான்கு வருடப் புழுதியும் கிரீஸும் துணியில் கறுப்பாக வந்தன. பிறகு சட்டைப் பையிலிருந்து மெல்லிய தாள் ஒன்றை எடுத்து, துடைத்த இடத்தில் வைத்து, பென்சிலைப் படுக்கவைத்து மெதுவாகத் தேய்த்தார். வெள்ளைத் தாளில் ஒவ்வொரு எழுத்தாக எழும்பி வந்தது. எழுத்தும் எண்ணுமாகப் பதினேழு. “ஆடாமப் பிடிங்க சார். ஒண்ணு மங்கினாலும் திருப்பி அனுப்பிடுவாங்க” என்றார். நான் மூச்சை அடக்கிக்கொண்டு வண்டியைச் சாய்த்துப் பிடித்திருந்தேன்.

அது சேசிஸ் நம்பர். வண்டியின் கைரேகை மாதிரி. அந்தப் பதினேழில் முதலில் வரும் எழுத்துகளே இது இந்தியாவில் செய்த வண்டி, இன்ன கம்பெனி செய்தது என்று சொல்லிவிடும். என் பைக் செய்யப்பட்ட தொழிற்சாலை, நாங்கள் நின்றுகொண்டிருந்த புளியமரத்தடியிலிருந்து சில கிலோமீட்டர்தான். ஓசூரில் பிறந்து, ஓசூரில் விற்பனையாகி, ஓசூரில் வரி கட்டிய வண்டி. வேலை நிமித்தம் நான் பெங்களூருக்குக் குடி மாறியதால், நாற்பது கிலோமீட்டர் தள்ளிப் போவதற்காக அது தன்னைப் புதிதாக நிரூபிக்க வேண்டியிருந்தது. என்.ஓ.சி. என்ற தடையில்லாச் சான்று வாங்கி, அங்கே வரி கட்டி, புது நம்பர் வாங்கி முடிக்க எனக்கு ஐந்து மாதம் ஆனது. இங்கே கட்டியிருந்த வரியில் மீதியைத் திரும்பப் பெற அதற்கு மேலும் ஒரு வருடம் அலைந்தேன்.

ஓசூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. தெருவுக்கு ஒருவராவது இதே கதை வைத்திருக்கிறார்.

காலை ஆறே கால், ஜுஜுவாடி

நாற்பத்து நான்காம் எண் தேசிய நெடுஞ்சாலையில் தமிழ்நாடு முடிகிற இடம் ஜுஜுவாடி. எதிரே கர்நாடகத்தின் அத்திப்பள்ளி. காலையில் ஓரமாக ஐந்து நிமிடம் நின்று நம்பர் பிளேட்டுகளை மட்டும் பார்த்தால் போதும், இந்த ஊரின் பிழைப்பு புரிந்துவிடும். டி.என். 70 பைக்குகள் எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் பறக்கின்றன. கே.ஏ. 51, கே.ஏ. 01 கார்கள் சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் வருகின்றன. இடையே கம்பெனி பஸ்கள், ரோஜாப்பூ ஏற்றிய டெம்போக்கள், கிருஷ்ணகிரியிலிருந்து வரும் டி.என். 24 வண்டிகள்.

1956-இல் மொழிவழியாக மாநிலங்கள் பிரிந்தபோது, தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே கடைவாசலில் பேசப்படும் இந்த ஊர் சென்னை மாநிலத்தோடு நின்றது. எழுபதுகளில் சிப்காட் வந்தது. 1980-இல் டி.வி.எஸ். 50 மொபெட் இங்கிருந்து ஓடத் தொடங்கியது. அசோக் லேலண்ட், டைட்டன், அண்மையில் ஏதர், போச்சம்பள்ளியில் ஓலா என்று வரிசை நீண்டது. 2004-இல் தர்மபுரியிலிருந்து பிரிந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது. 2019-இல் ஓசூர் மாநகராட்சி ஆனது. இந்தியாவில் வண்டி செய்யும் ஊர்களைப் பட்டியலிட்டால் முன்வரிசையில் வரும் மாவட்டம் இது. வண்டியின் ஊர் எது என்ற சிக்கலில் தினமும் மாட்டிக்கொள்வதும் இதே மாவட்டம்தான்.

எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை, பெங்களூர் வாடகை கட்டுப்படியாகாமல் ஓசூரில் வீடு. இது ஒரு வகை. ஓசூரில் அப்பா அம்மா, பெங்களூரில் பி.ஜி. அறை, சனிக்கிழமை இரவு ஊர் திரும்பல். இது இன்னொரு வகை. சிப்காட்டில் வேலை கிடைத்து, பெங்களூர் நம்பர் காரோடு ஓசூர் அடுக்ககத்துக்குக் குடி வந்தவர்கள் மூன்றாவது வகை. மூன்று வகையினருக்கும் ஒரே கேள்வி. வண்டி எங்கே ‘இருக்கிறது’?

சட்டம் சொல்வது பன்னிரண்டு மாதம்

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 46-ஆம் பிரிவு தெளிவானது. ஒரு மாநிலத்தில் பதிவான வண்டி இந்தியா முழுக்க ஓடலாம். அடுத்த பிரிவான 47 அதற்கு ஒரு வரம்பு போடுகிறது. ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை இன்னொரு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால், அங்கே புதுப் பதிவு எண் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு 48-ஆம் பிரிவின்படி பழைய ஆர்.டி.ஓ.விடமிருந்து என்.ஓ.சி. தேவை. விண்ணப்பித்து 30 நாளுக்குள் தரவோ மறுக்கவோ செய்யாவிட்டால், என்.ஓ.சி. தந்ததாகவே கொள்ள வேண்டும் என்றுகூட அந்தப் பிரிவில் இருக்கிறது. இந்த விதியை அறிந்து கேட்டவர் ஒருவரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை. அறிந்துகொள்ளுங்கள், கேளுங்கள்.

சிக்கல் பதிவில் இல்லை, வரியில். கர்நாடக அரசு 2014-இல் தன் வாகன வரிச் சட்டத்தைத் திருத்தியது. வெளிமாநில வண்டி 30 நாளுக்கு மேல் தங்கினாலே ஆயுள்கால வரி கட்ட வேண்டும் என்றது. பெங்களூர்ச் சாலைகளில் வெளிமாநில நம்பர்களை நிறுத்திச் சோதிப்பது வழக்கமானது. ‘டிரைவ் வித்தவுட் பார்டர்ஸ்’ என்ற பெயரில் வாகன உரிமையாளர்கள் இயக்கமே நடத்தினார்கள். வழக்கு கர்நாடக உயர் நீதிமன்றத்துக்குப் போனது. மத்தியச் சட்டம் பன்னிரண்டு மாதம் தந்திருக்கும்போது 30 நாளில் ஆயுள்கால வரி கேட்பது சரியல்ல என்று 2016-இல் நீதிமன்றம் சொன்னது.

தீர்ப்பு வந்தது, சாலையோரத்தில் நிற்கும் இளைஞனின் பதற்றம் போகவில்லை. நிறுத்துபவர் கேட்பது ஒரே கேள்வி: “எப்ப வந்தே?” ஒரு வருடம் ஆகவில்லை என்பதை வண்டி வைத்திருப்பவர்தான் காட்ட வேண்டும். ஓசூரில் தங்கி தினமும் போய்வருபவரின் வண்டி கர்நாடகத்தில் ‘வைக்கப்பட்ட’ வண்டியே அல்ல. ஆனாலும் கையில் ஏதாவது சான்று இருந்தால்தான் பேச்சு சுமுகமாக முடிகிறது. ஓசூர் வீட்டு வாடகை ஒப்பந்தம், ஓசூர் சர்வீஸ் சென்டர் பில், ஃபாஸ்டேக் கணக்கு இவற்றை போனில் படமாக வைத்திருக்கச் சொல்வேன்.

பெட்டிச் செய்தி: ஒரே வண்டி, இரண்டு வரி

புதிய வண்டிக்கான ஆயுள்கால வரி விகிதம், வண்டி விலையில் சதவீதமாக:

பைக், விலை 1 லட்சத்துக்கு மேல்: தமிழ்நாடு 12, கர்நாடகம் 18.
கார், 5 லட்சம் வரை: தமிழ்நாடு 12, கர்நாடகம் 13.
கார், 5 முதல் 10 லட்சம்: தமிழ்நாடு 13, கர்நாடகம் 14.
கார், 10 முதல் 20 லட்சம்: தமிழ்நாடு 18, கர்நாடகம் 17.
கார், 20 லட்சத்துக்கு மேல்: தமிழ்நாடு 20, கர்நாடகம் 18.

தமிழ்நாட்டு விகிதம் 2023 நவம்பரில் உயர்த்தப்பட்டது. கர்நாடகத்தில் இதற்கு மேல் செஸ் தனி. பழைய வண்டி மாநிலம் மாறும்போது அதன் வயதுக்கேற்ப வரி குறையும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால்

1,20,000 ரூபாய் பைக்கை எடுத்துக்கொள்வோம். ஓசூரில் வாங்கும்போது 12 சதவீதம், அதாவது 14,400 ரூபாய் வரி. இது பதினைந்து வருடத்துக்கான வரி. இரண்டாவது வருடம் பெங்களூருக்குப் போனால், அங்கே 18 சதவீதத்தை அடிப்படையாக வைத்து, அதாவது 21,600 ரூபாயிலிருந்து வண்டியின் வயதுக்கான கழிவு போக மீதியைக் கட்ட வேண்டும். இதை முதலில் கையிலிருந்து கட்டியாக வேண்டும். கட்டிய ரசீதையும் புது ஆர்.சி.யையும் (பதிவுச் சான்று) காட்டிய பிறகுதான் பழைய மாநிலத்தில் பயன்படாத வருடங்களுக்கான வரியைத் திரும்பக் கேட்கலாம். மாதம் பதினெட்டாயிரம் சம்பளத்தில் டிப்ளமோ முடித்துச் சேர்ந்த பையனுக்கு இது ஒரு மாதச் சம்பளத்துக்கு நிகரான தொகை.

அவன் என்ன செய்வான்? பெரும்பாலும் ஒன்றும் செய்யமாட்டான். டி.என். 70 நம்பரிலேயே ஓட்டுவான். போலீஸ் நிற்கும் சந்திப்புகளைத் தவிர்த்துச் சந்து சந்தாகப் போவான். இல்லையென்றால் வண்டியை அடிமாட்டு விலைக்கு ஓசூரிலேயே ஒரு ஆட்டோ கன்சல்டிங்கில் தள்ளிவிட்டு, பெங்களூரில் கடனுக்கு இன்னொன்று வாங்குவான். இரண்டிலும் நஷ்டம் அவனுக்குத்தான்.

எதிர்த்திசையில் வருபவர்களுக்கும் இதே வலி. பெங்களூரில் 12 லட்சத்துக்கு வாங்கிய காருக்கு 17 சதவீதமாக 2,04,000 கட்டியிருப்பார்கள். ஓசூர்வாசி ஆகிவிட்டால் இங்கே 18 சதவீதக் கணக்கில் மறுபடி கட்ட வேண்டும். பாகலூர் சாலை, ராயக்கோட்டை சாலை அடுக்ககங்களின் தரைத்தளத்தில் கே.ஏ. நம்பர் கார்கள் வருடக்கணக்கில் நிற்பதற்குக் காரணம் சோம்பல் அல்ல.

கடன் பாக்கி இருந்தால் இன்னொரு முடிச்சு விழும். வங்கியோ நிதி நிறுவனமோ சம்மதக் கடிதம் தந்தால்தான் என்.ஓ.சி.யே கிடைக்கும். நம்பர் மாறியதும் காப்பீட்டில், ஃபாஸ்டேக்கில், கடன் கணக்கில் எல்லாம் மாற்ற வேண்டும். உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் புதிதாகப் போட வேண்டும். இதில் ஒன்றை மறந்தாலும், விபத்து நடக்கும் நாளில்தான் அது தெரியவரும்.

ஏய்ப்பவனும் ஏழையும் ஒரே வரிசையில்

மாநிலங்கள் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் இல்லாமலில்லை. பக்கத்து மாநிலத்தில் வரி குறைவு என்றால் அங்கே போய்ப் பதிவு செய்துகொண்டு இங்கே ஓட்டுவது பழைய தந்திரம். அதைத் தடுக்கத்தான் 1990-இல் தமிழ்நாடு வாகன நுழைவு வரிச் சட்டம் கொண்டுவந்தது. அந்த வரி வெளிநாட்டிலிருந்து வரும் கார்களுக்கும் பொருந்தும் என்று அரசு சொன்னதால் நீண்ட வழக்குகள் நடந்தன. நடிகர் விஜய் 2012-இல் இங்கிலாந்திலிருந்து தருவித்த ரோல்ஸ் ராய்ஸ் காருக்கு நுழைவு வரி விலக்குக் கேட்ட வழக்கில், 2021 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஒரு லட்சம் அபராதம் விதித்ததும், மேல்முறையீட்டில் அது நிறுத்திவைக்கப்பட்டதும் எல்லோரும் பேசிய செய்தி. 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது நுழைவு வரி அதில் கரைந்தது. சாலை வரி மட்டும் மாநிலங்களிடமே நின்றது.

ஏய்ப்பு ஓயவில்லை. கேரளத்தில் சொகுசு கார்கள் புதுச்சேரி முகவரியில் பதிவானது 2017-இல் பெரிய சர்ச்சையானது. நாகாலாந்து நம்பரோடு தமிழ்நாட்டுக்குள் ஓடிய ஆம்னி பஸ்களை 2024 ஜூனில் அரசு நிறுத்தியதால் பயணிகள் தவித்ததும் நினைவிருக்கும். அரசின் கோபம் நியாயமானதுதான். ஆனால் கோடி ரூபாய் காரை வேறு மாநில முகவரியில் பதிவு செய்பவருக்கும், வேலை கிடைத்த ஊருக்கு அப்பா வாங்கித்தந்த பைக்கில் போகிறவனுக்கும் ஒரே சல்லடையா? முன்னவருக்கு வழக்கறிஞர் இருக்கிறார். பின்னவனுக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் ஒரு புரோக்கர்தான் இருக்கிறார்.

மத்திய அரசு 2021 செப்டம்பரில் பி.எச். வரிசை எண்ணைக் கொண்டுவந்தது. மாநிலம் மாறினாலும் நம்பர் மாறாது. வரியை மொத்தமாக அல்லாமல் இரண்டு இரண்டு வருடமாகக் கட்டலாம். நல்ல யோசனை. ஆனால் இதைப் பெற ராணுவத்திலோ, அரசிலோ, பொதுத்துறையிலோ வேலை பார்க்க வேண்டும். தனியார் என்றால் நான்கு மாநிலங்களிலாவது அலுவலகம் உள்ள நிறுவனமாக இருக்க வேண்டும். சிப்காட்டில் உதிரிபாகம் செய்யும் சிறு பட்டறைக்கு மூக்கண்டப்பள்ளியில் ஒரு ஷெட்தான் இருக்கிறது. அங்கே லேத் ஓட்டுபவருக்கும், ஒப்பந்தத் தொழிலாளிக்கும், தானே கடை வைத்திருப்பவருக்கும் பி.எச். எண் எட்டாது. அடிக்கடி இடம் மாறுகிறவர்கள் அவர்கள்தான்.

என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன். வரி வண்டியோடு போக வேண்டும். நான் ஓசூரில் பதினைந்து வருடத்துக்குக் கட்டியிருக்கிறேன். நான்கு வருடம் ஓட்டிவிட்டு பெங்களூர் போகிறேன் என்றால், மீதிப் பதினோரு வருடத்துக்கான பணத்தைத் தமிழ்நாட்டுக் கருவூலம் கர்நாடகக் கருவூலத்துக்கு அனுப்பட்டும். வித்தியாசம் இருந்தால் அதை மட்டும் என்னிடம் கேளுங்கள். இது நடக்காத காரியமல்ல. வெளிமாநிலச் சரக்கு விற்பனையில் ஜி.எஸ்.டி. பங்கு மாநிலங்களுக்கிடையே இப்படித்தான் போய்ச்சேர்கிறது. எந்தக் கடைக்காரரும் ஒரு மாநிலத்தில் கட்டிவிட்டு இன்னொரு மாநிலத்தில் திரும்பக் கேட்டு அலைவதில்லை. வண்டியின் பதிவு, வரி விவரங்கள் ஏற்கெனவே ‘வாகன்’ கணினித் தளத்தில் இருக்கின்றன. அரசமைப்புச் சட்டமும் தடையில்லை. வாகன வரி மாநிலப் பட்டியலின் 57-ஆம் இனத்தில் இருந்தாலும், அந்த வரியை எந்தக் கொள்கைப்படி விதிப்பது என்பது பொதுப் பட்டியலின் 35-ஆம் இனத்தில் இருக்கிறது. கொள்கையை வகுக்க மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டு. மனசுதான் வேண்டும்.

ஜெர்மனிக்குப் போகும் ஓசூர் பைக்

மாநில எல்லைக்கே இந்தப் பாடு என்றால் நாட்டு எல்லை? வேலைக்குப் போகும் நாடுகள் வளைகுடா, சிங்கப்பூர் என்று இருந்த பட்டியலில் இப்போது ஜெர்மனியும் கனடாவும் ஆஸ்திரேலியாவும் சேர்ந்துவிட்டன. கிளம்பும் முன் பையன்கள் கேட்பது இதுதான்: “வண்டியக் கூட எடுத்துட்டுப் போக முடியுமாண்ணா?”

அந்தக் கேள்வி இந்த ஊரில் கேட்கப்படும்போது ஒரு கனம் கூடுகிறது. டி.வி.எஸ். நிறுவனமும் பி.எம்.டபிள்யூ. மோட்டராடும் 2013-இல் ஒப்பந்தம் செய்தன. அதன்படி ஜி 310 ஆர், ஜி 310 ஜி.எஸ். வகை பைக்குகள் ஓசூரில் செய்யப்பட்டு உலகெங்கும் போயின. இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்ட இந்த வரிசையில் ஜெர்மனிச் சாலையில் ஓடும் வண்டிகளும் உண்டு. தன் கையால் போல்ட் முடுக்கிய பைக் மியூனிக் நகரத்தில் ஓடுகிறது என்று பெருமையாகச் சொல்லும் தொழிலாளர்கள் இங்கே இருக்கிறார்கள். அதே தொழிலாளியின் மகன் தன் சொந்த பைக்கோடு ஜெர்மனி போக நினைத்தால் கதை வேறு.

காரணம் இயந்திரம் அல்ல, காகிதம். கம்பெனி ஒரு மாடலை ஏற்றுமதி செய்யும்போது, அந்த நாட்டின் புகை, இரைச்சல், விளக்கு, பிரேக் விதிகளுக்கு ஏற்ப அந்த மாடலைத் தயாரித்து, மாடல் முழுவதற்கும் ஒரே ஒப்புதல் வாங்கிவிடுகிறது. இந்தியச் சந்தைக்காகச் செய்த வண்டிக்கு அந்த ஒப்புதல் கிடையாது. தனியாள் கொண்டுபோனால் அந்த ஒற்றை வண்டியைத் தனியே பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும். கப்பல் கூலி, சுங்கம், பரிசோதனை, மாற்ற வேண்டிய பாகங்கள் எல்லாம் சேர்ந்தால் அங்கேயே ஒரு நல்ல பழைய பைக் வாங்கிவிடலாம். மின்சார ஸ்கூட்டர் என்றால் இன்னும் கடினம். லித்தியம் பேட்டரி இருக்கும் வண்டி, கப்பலில் ஒன்பதாம் வகுப்பு அபாயகரச் சரக்கு.

பெட்டிச் செய்தி: எந்த நாடு என்ன சொல்கிறது?

வளைகுடா நாடுகள்: அங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்டுகிறார்கள். நம்மூர் வலப்பக்க ஸ்டீயரிங் கார்களைப் பதிவு செய்யமாட்டார்கள்.

அமெரிக்கா: அந்நாட்டுப் பாதுகாப்பு விதிப்படி தயாராகாத கார், செய்து 25 வருடமாகியிருந்தால் ஒழிய நுழைவது மிகக் கடினம். கனடாவில் இந்த வரம்பு 15 வருடம்.

ஆஸ்திரேலியா: கப்பலில் ஏற்றும் முன்பே இறக்குமதி அனுமதி வாங்கிவிட வேண்டும். அனுமதியில்லாமல் துறைமுகம் போனால் வண்டி அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

சிங்கப்பூர்: மூன்று வயதுக்குக் குறைந்த கார்தான் உள்ளே வரலாம். அதோடு கார் வைத்திருக்கும் உரிமைச் சான்றையும் ஏலத்தில் எடுக்க வேண்டும்.

இலங்கை: 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு 2025 பிப்ரவரியில்தான் கதவு திறந்தது.

சுற்றுலாவாக ஓட்டிச்சென்று திரும்புவதென்றால்: ஆட்டோமொபைல் சங்கங்கள் தரும் கார்னே என்ற உறுதி ஆவணம் போதும். குடியேறுபவருக்கு அது உதவாது.

திரும்பி வரும்போது

வெளிநாட்டில் உழைத்து வாங்கிய காரோடு ஊர் திரும்ப நினைப்பவர்களுக்கு நம் அரசின் கதவும் அகலமாகத் திறந்திருக்கவில்லை. வெளிநாட்டில் தொடர்ந்து இரண்டு வருடமாவது வாழ்ந்துவிட்டு நிரந்தரமாகத் திரும்புபவர், தன்னிடம் குறைந்தது ஒரு வருடமாக இருந்த காரைக் கொண்டுவரலாம் என்று இறக்குமதி விதியில் இடமுண்டு. ஆனால் பழைய கார் என்றால் செய்து மூன்று வருடத்துக்குள் இருக்க வேண்டும். ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும். மும்பைத் துறைமுகம் வழியாகத்தான் வர வேண்டும். கார் பயணிகளின் பெட்டி படுக்கைக் கணக்கில் சேராது. வரியோ காரின் மதிப்பையே தாண்டும்.

இடப்பக்க ஸ்டீயரிங் என்ற ஒரே காரணத்தால் துபாய், சவூதி கார்கள் கணக்கிலேயே வருவதில்லை. பத்து வருடம் அங்கே டிரைவராக இருந்து, முதலாளி பிரியமாகக் கொடுத்த காரைக் கொண்டுவர முடியுமா என்று விசாரித்தவர்களை நான் அறிவேன். அவர்களிடம் ‘முடியாது’ என்று சொல்வதுதான் உதவி. ஏஜெண்ட் யாராவது முடியும் என்று சொல்லிப் பணம் கேட்டால் நம்பாதீர்கள்.

ஊரில் நிற்கும் வண்டி

ஆகவே வண்டி ஊரிலேயே நிற்கிறது. இந்தக் கட்டுரைக்காக அலைந்ததில் என் மனதை அதிகம் தைத்தது இந்தப் பகுதிதான். மற்றதெல்லாம் பணக் கணக்கு.

மகன் விமானம் ஏறிவிடுகிறான். ஆர்.சி. அவன் பெயரில். வண்டியை அப்பாவோ தம்பியோ ஓட்டுகிறார்கள். மளிகைக் கடை, கோயில், ரேஷன் என்று பக்கத்திலேயேதான் ஓடுகிறது. காப்பீடு எப்போது முடிந்தது என்று யாருக்கும் நினைவில்லை, ஏனென்றால் ஞாபகப்படுத்தும் குறுஞ்செய்தி மகனின் பழைய இந்திய எண்ணுக்குப் போகிறது. அந்த எண் ரீசார்ஜ் செய்யாமல் செத்துவிட்டது.

பதிவுச் சான்றில் யார் பெயர் இருக்கிறதோ, பொறுப்பும் அவருடையது. வண்டியை விற்று, கைமாறி, ஆனால் பெயர் மாற்றாமல் விட்ட வழக்கில், பதிவேட்டில் இருப்பவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பு அவருக்கே என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டொரொண்டோவில் உட்கார்ந்திருக்கும் பையன் மேல் கிருஷ்ணகிரி மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் வழக்கு வர முடியும் என்பதுதான் இதன் பொருள். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். காப்பீட்டோடு கட்டாயமாக எடுக்கும் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு, வண்டியின் பதிவு உரிமையாளருக்கானது. மகன் பெயரில் உள்ள பைக்கை ஓட்டும் அப்பாவுக்கு அது பொருந்தாது. வீட்டில் யாரும் இதை யோசிப்பதில்லை.

பெட்டிச் செய்தி: கிளம்பும் முன் செய்துவிடுங்கள்

கடன் முடிந்திருந்தால் வங்கிக் கடிதத்தோடு எச்.பி. (ஆர்.சி.யில் உள்ள கடன் குறிப்பு) கேன்சல் செய்யுங்கள். அந்தக் குறிப்பு இருக்கும்வரை வங்கியின் சம்மதமின்றி விற்கவோ மாற்றவோ முடியாது.

விற்றால் பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30 இரண்டிலும் கையெழுத்திட்டுக் கொடுத்ததோடு விட்டுவிடாதீர்கள். பெயர் மாறிய ஆர்.சி.யை இணையத்தில் கண்ணால் பார்த்த பிறகு விமானம் ஏறுங்கள்.

வீட்டிலேயே வைத்திருப்பதானால், ஓட்டப்போகிறவர் பெயருக்கே மாற்றிவிடுங்கள். காப்பீட்டையும் அவர் பெயருக்கு மாற்றுங்கள்.

ஆதாரோடு இணைந்த இந்திய எண்ணை உயிரோடு வைத்திருங்கள். ஓ.டி.பி. வராவிட்டால் வெளிநாட்டிலிருந்து ஒரு வேலையும் நடக்காது.

விற்றால் ஃபாஸ்டேக் கணக்கை நீங்களே மூடி, மூடியாகிவிட்டதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைச் சத்தம்

ராயக்கோட்டை சாலைப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு வீடு. அப்பா ஓய்வுபெற்ற ஃபிட்டர். முப்பது வருடத்துக்கு மேல் ஒரே தொழிற்சாலை. மகன் ஸ்டுட்கார்ட் பக்கம் போய் இரண்டு வருடமாகிறது. பைக் படிக்கட்டுக்கு அடியில், பழைய போர்வை போர்த்தி நிற்கிறது. மகன் கையெழுத்திட்டு வைத்துவிட்டுப் போன ஃபார்ம் 29-ம் 30-ம் சாமி அலமாரியில், விபூதித் தட்டுக்குக் கீழே இருக்கின்றன. ஆர்.டி.ஓ. ஆபீஸ் போகலாம் என்று நான் மூன்று முறை கூப்பிட்டுவிட்டேன். விவரமெல்லாம் அவருக்குப் புரிகிறது. “மாத்திட்டா அது என் வண்டி ஆயிடுமே தம்பி” என்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போர்வையை எடுத்து மடித்து வைக்கிறார். டேங்க்கைத் துடைக்கிறார். ஸ்டார்ட் செய்து, ஆக்சிலேட்டரை லேசாக முறுக்கி, மறு கையால் போனை எஞ்சின் பக்கம் நீட்டுகிறார். ஜெர்மனியில் அப்போது விடிந்திருக்காது. மகன் எழுந்து உட்கார்ந்திருக்கிறான்.

“கேக்குதாடா?”

“கேக்குதுப்பா. டேப்பட் சத்தம் வருது. சர்வீசுக்கு விடுங்க.”